பழுது சொல்லத் தமிழ் வேண்டும்

(கட்டற்ற இயங்குதளத்தில் நேரும் கம்பியில்லாப் பிணையப் பழுதும் அதன் தீர்வும் பற்றி, கரியாலூரில் ஆசிரியரும் மாணவரும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரை)



இன்று எடுத்துக்கொண்ட பொருள் கணினியில் நேரும் ஒரு பழுது. தமிழவையில் இதற்கென்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். தமிழைக் காப்பது என்பது ஏட்டைக் காப்பது மட்டுமன்று. உழவன் கலப்பை பழுதுபட்டால், அவன் அதைத் தமிழில் சொல்கிறான். கொல்லன் தமிழில் கேட்டுத் தமிழில் திருத்துகிறான். கொழு, மேழி, ஏர்க்கால், நுகத்தடி என்று உறுப்புக்கொரு பெயர் உண்டு. இன்ன உறுப்புக்கு இன்ன கேடு என்று சொல்லும் வழக்கும் உண்டு. அதனால்தான் கலப்பை நம்முடைய கருவியாயிற்று. கணினி அவ்வாறு நம்முடைய கருவியாகிவிட்டதா? இதுவே இன்றைய வினா.

கணினித் திரையில் தமிழ் ஏறிவிட்டது, ஐயமில்லை. ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழெழுத்துகள் இடம்பெற்றன. 1999இல் தமிழ்99 விசைப்பலகை வகுக்கப்பெற்றது. 2010 சூன் திங்களில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தமிழுக்குரிய தரமாக ஏற்றது. கட்டற்ற இயங்குதளங்களான தெபியன், உபுண்டு முதலியவற்றை நிறுவும்போதே 'தமிழ்' என்று தேர்ந்துகொள்ளலாம். கோப்பு, திருத்து, சேமி, மூடு என்று பட்டியல்கள் தமிழில் வரிசையாய் நிற்கும். பார்க்கும் கண்ணுக்கு மகிழ்ச்சி.

ஆனால் ஒருநாள் பிணையம் அறுந்துபோகட்டும். அப்பொழுது முனையத்தைத் திறந்து, என்ன நேர்ந்தது என்று கணினியைக் கேட்டுப் பாருங்கள். ஒரு வரியும் தமிழில் வாராது. இயங்குதளத்தின் நடுவுயிராகிய கருனி எழுதிவைக்கும் குறிப்பேடு முழுதும் ஆங்கிலத்தில் இருக்கும். நலமாய் இருக்கும் வரையில் தமிழ் பேசிய கணினி, நோயுற்றவுடன் ஆங்கிலத்தில் முனகுகிறது. தாய்மொழி மிகுதியாய் வேண்டுவது நோய் சொல்லத்தானே? நலமாய் இருக்கும்போது எம்மொழியிலும் புன்னகை செய்யலாம். 'இங்கே வலிக்கிறது' என்று சொல்லத் தன் மொழி வேண்டும். அதைக் கேட்டு அறியவும் தன் மொழி வேண்டும்.

கைக்கு வந்த கணினி

2011 செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கிற்று. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்க்கும் கல்லூரி மாணவர்க்கும் பல இலக்கம் கணினிகள் வழங்கப்பெற்றன. வீட்டில் முதன்முதலாக ஒரு கணினி நுழைந்தது அத்திட்டத்தால்தான் என்று சொல்லும் குடும்பங்கள் மிகப்பல. அக்கணினிகளில் விண்டோசு என்னும் மூடிய இயங்குதளத்தோடு, 'பாசு லினக்சு' என்னும் கட்டற்ற இயங்குதளமும் சேர்த்து நிறுவப்பெற்று வந்தது.

இந்தப் பாசு லினக்சு வேற்று நாட்டில் செய்து இறக்கியதன்று. சென்னையிலுள்ள சி-டாக்கு நிறுவனத்தார், தெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. முதற் பதிப்பு 2007 சனவரியில் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்குமாறு அமைந்தது. ஆக, தமிழ்நாட்டில் உருவாகித் தமிழ் காட்டும் ஓர் இயங்குதளம் தமிழ்ப் பிள்ளைகளின் கையில் வந்து சேர்ந்தது. இதனினும் நல்ல வாய்ப்பு வேறென்ன வேண்டும்?

எண்ணிப் பாருங்கள். மாணவி ஒருத்தி கணினியைத் திறக்கிறாள். பாசு லினக்சில் நுழைகிறாள். தமிழ் எழுத்துகளைக் கண்டு மகிழ்கிறாள். பிணையத்தோடு இணைய முயல்கிறாள், இணையவில்லை. யாரைக் கேட்பாள்? திரையில் வரும் ஆங்கில வரி அவளுக்குப் புரியவில்லை. அண்டை அயலாரும் அறியார். கணினியை மறுபடி தொடங்கி விண்டோசுக்குள் போகிறாள். அங்கே பிணையம் கிடைக்கிறது. அன்றோடு முடிந்தது. 'லினக்சில் அருகலை வேலை செய்யாது' என்று தோழியரிடம் சொல்வாள், அது ஊர்ப்பேச்சாகும். ஒரு சிறு பழுதுக்குத் தமிழில் விடையில்லாமையால், தமிழ் காட்டிய தளமே கைவிடப்படும். கொள்கைப் பேச்சால் இதை மாற்ற இயலாது. பழுதை நீக்கிக் காட்டினால்தான் மாறும்.

உரிமையும் ஒரு பழுதில் பிறந்ததே

கட்டற்ற மென்பொருள் இயக்கமே ஒரு பழுதிலிருந்து பிறந்தது என்பதை மாணவர்கள் அறிதல் நன்று. 1980ஐ ஒட்டிய காலம். அமெரிக்காவில் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வகத்தில் செராக்சு நிறுவனத்தின் அச்சுப்பொறி ஒன்று இருந்தது. தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பொறி ஓரிடத்தில், பணியாளர் வேறிடத்தில். தாள் சிக்கினால் உரியவர்க்குச் செய்தி போகுமாறு மென்பொருளைத் திருத்த விரும்பினார் அங்குப் பணிபுரிந்த ரிச்சர்டு இசுடால்மன். மூலநிரல் அவர்க்குத் தரப்படவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரிடம் கேட்டபோது, 'தரமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டோம்' என்னும் விடையே கிடைத்தது. திருத்தத் தெரிந்தவர் இருந்தும் திருத்தும் உரிமை இல்லை. அந்த மனப்புண்ணே பின்னர் 1983இல் அவர் குனு திட்டத்தை அறிவிக்க ஒரு தூண்டுகோலாயிற்று. 1991இல் பின்லாந்து மாணவர் லினசு தோர்வால்டுசு எழுதிய கருனி அதனோடு சேர்ந்து, இன்று உலகெங்கும் இயங்கும் தளமாயிற்று.

தன் கையிலுள்ளதைத் தான் திருத்தும் உரிமை என்பது இம்மலை மக்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டிய செய்தியன்று. மூன்று சாகீர்களின் ஆட்சி இக்கல்வராயன் மலையில் 1976 வரை நீடித்தது. உழுதவன் ஒருவன், நிலத்துக்கு உரியவன் வேறொருவன் என்னும் நிலை எத்தகையது என்பதை இங்குள்ள முதியோர் பட்டு அறிந்தவர்கள். பயன்படுத்தலாம், ஆனால் திறந்து பார்க்கலாகாது, திருத்தலாகாது, பிறர்க்குக் கொடுக்கலாகாது என்னும் மென்பொருளும் அத்தகையதே. கட்டற்ற மென்பொருளோ இயக்கலாம், ஆராயலாம், திருத்தலாம், பகிரலாம் என்று நான்கு உரிமைகளையும் கையில் கொடுக்கிறது.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. திறந்து வைத்த ஏட்டை வாசிக்கத் தெரியாதவனுக்கு, அது மூடிய ஏட்டோடு ஒப்பதே. உரிமைத்தாளில் எழுதியிருப்பது கைக்கு வரவேண்டுமானால், பழுதை நாடும் அறிவு தன் மொழியில் வேண்டும்.

பெயர்கள்

முதலில் உறுப்புகளுக்குப் பெயரிடுவோம். வைஃபை என்று மக்கள் வழங்குவதற்கு 'அருகலை' என்னும் சொல் வழக்குக்கு வந்துவிட்டது. செல்பேசியிலிருந்து பிணையத்தைப் பகிர்ந்து தருவது 'பகிரலை'. வீட்டிலோ பள்ளியிலோ இருந்து அலைபரப்பும் ரவுட்டர் என்னும் பெட்டி 'திசைவி'. கணினிக்குள் அலையை வாங்கியனுப்பும் சிறு தகடு 'அருகலை அட்டை'. அந்த அட்டையோடு கருனி பேசுவதற்கு இடையில் நிற்கும் மென்பொருள் 'இயக்கி'. அட்டையின் உள்ளேயே ஏற்றப்பெற்று அதனை உயிர்ப்பிக்கும் நிரல் 'நிலைப்பொருள்'. பென்டிரைவு என்பது 'விரலி'. இவ்வேழு சொற்களும் போதும், வேலை தொடங்கலாம்.

நிறுவனப் பெயர்களையும் கட்டளைப் பெயர்களையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அயற்சொல் தமிழுக்குள் வரும்போது அயலெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்று தொல்காப்பியர் எச்சவியலில் வழிகாட்டியிருக்கிறார். எனவே லினக்சு, இன்டெல், பிராடுகாம், ரியல்டெக்கு என்று எழுதி மேலே செல்லலாம். கட்டளைகளை முனையத்தில் உரோமன் எழுத்தில்தான் அடிக்கவேண்டும். அவற்றின் எழுத்துகள் கரும்பலகையில் தனியே எழுதி வைக்கப்பட்டுள்ளன. இங்கே ஒலிப்பு மட்டும் சொல்லப்பெறும்.

பழுது நாடும் முறை

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவனுக்கு ஓர் ஒழுங்கை வகுத்திருக்கிறது. நோய் எது, அதன் வேர் எது, அது தணியும் வழி எது என்று படிப்படியாகத் தெளிந்த பின்னரே கைவைக்கவேண்டும். கணினிப் பழுதுக்கும் அதுவே நெறி. கண்டதையெல்லாம் தட்டிப் பார்ப்பதும், ஒன்றும் ஆகாவிட்டால் தளத்தையே அழித்து மீண்டும் நிறுவுவதும் மருத்துவம் அன்று.

வயலுக்கு நீர் வரவில்லை என்றால் உழவன் என்ன செய்கிறான்? மடையிலிருந்து தொடங்கி வாய்க்கால் வழியே நடக்கிறான். எதுவரை நீர் வந்திருக்கிறது என்று பார்க்கிறான். வந்த இடத்துக்கும் வாராத இடத்துக்கும் நடுவில்தான் அடைப்பு. அருகலைக்கும் இதே நடைதான். கணினிக்குள் தொடங்கி வெளியே செல்லவேண்டும். ஆறு படிகள்.

முதற்படி: தடை. அட்டை அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சில மடிக்கணினிகளின் ஓரத்தில் அருகலைக்கெனச் சிறு நழுவு பொத்தான் உண்டு. சிலவற்றில் விசைப்பலகையின் மேல்வரிசை விசை ஒன்று அந்த வேலையைச் செய்யும். பையில் வைத்து எடுக்கும்போது பொத்தான் நகர்ந்துவிடும். முனையத்தில் 'ஆர்எப்கில்' என்னும் கட்டளையைப் பட்டியல் கேட்டு அடித்தால் இருவகைத் தடைகளைக் காட்டும். மென்பொருளால் நேர்ந்தது மென்தடை. அதை அதே கட்டளையால் நீக்கலாம். பொத்தானால் நேர்ந்தது வன்தடை. அதற்குக் கட்டளை பயன்படாது, கைதான் மருந்து. இதை அறியாமல் நாள்முழுதும் தளத்தோடு போராடுவோர் உளர்.

இரண்டாம்படி: அட்டை தெரிகிறதா? 'எல்எசுபிசிஐ' என்னும் கட்டளை கணினிக்குள் பொருத்திய அட்டைகளைப் பட்டியலிடும். வெளியே செருகும் சிறு கருவியானால் 'எல்எசுயூஎசுபி' என்பது காட்டும். அட்டையின் நிறுவனப் பெயரும், நான்கெழுத்தும் நான்கெழுத்துமாக அமைந்த அடையாள எண்ணும் கிடைக்கும். அந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளவேண்டும். பெட்டியின்மேல் அச்சிட்ட பெயரை நம்பவேண்டா. ஒரே பெயரில் வெவ்வேறு அட்டைகளை வைத்து விற்பது வணிகத்தில் உண்டு. மருத்துவனுக்கு நாடி எப்படியோ, பழுது நீக்குவோனுக்கு இந்த எண் அப்படி. எண்ணே தெரியவில்லையானால், அட்டை கழன்றிருக்கலாம் அல்லது கெட்டிருக்கலாம். அது மென்பொருட் சிக்கல் அன்று.

மூன்றாம்படி: இயக்கி. எல்எசுபிசிஐ கட்டளையோடு 'கே' என்னும் குறியைச் சேர்த்து அடித்தால், எந்த இயக்கி அந்த அட்டையைக் கையாள்கிறது என்று சொல்லும். அவ்வரியே இல்லையானால், அட்டை இருக்கிறது, அதனோடு பேச ஆளில்லை என்று பொருள். சில வேளை ஆள் மிகுந்துவிடுவதும் உண்டு. பிராடுகாம் அட்டைகளின் வரலாறு இதற்கு எடுத்துக்காட்டு. அந்நிறுவனம் தன் அட்டைகளின் அமைப்பை நெடுங்காலம் வெளியிடவில்லை. தன்னார்வலர்கள் அட்டையின் நடத்தையை ஆராய்ந்து, தாமே ஓர் இயக்கியை எழுதினர். அதன் புதிய வடிவமான பி43 என்பது 2008 சனவரியில் வெளிவந்த கருனிப் பதிப்பில் சேர்ந்தது. 2010 செப்டம்பரில் அந்நிறுவனமே புதிய அட்டைகளுக்குத் திறந்த இயக்கி ஒன்றை வெளியிட்டது. அதன் பழைய மூடிய இயக்கியும் கூடவே வழக்கில் இருந்தது. ஓர் அட்டைக்கு இருவர் கைநீட்டினால் ஒருவருக்கும் கிட்டாது. அப்பொழுது பொருந்தாத இயக்கியை விலக்குப் பட்டியலில் எழுதி நிறுத்தி, பொருந்துவதை மட்டும் ஏற்றவேண்டும்.

நான்காம்படி: நிலைப்பொருள். இயக்கி இருந்தும் அட்டை உயிர்க்கவில்லையானால் இங்கே பார்க்கவேண்டும். கருனியின் குறிப்பேட்டைக் காட்டும் 'டிமெசுகு' என்னும் கட்டளையை அடித்தால், நிலைப்பொருட் கோப்பு இன்னதை ஏற்ற இயலவில்லை என்று, கோப்பின் பெயரோடு ஒரு வரி நிற்கும். இன்டெல் அட்டைகளின் இயக்கி திறந்தது. ஆயினும் அட்டைக்குள் ஏறும் நிலைப்பொருள் மூடியது. ஆத்தெரோசு நிறுவனத்தின் ஏத்9கே இயக்கியால் இயங்கும் உட்பொருத்து அட்டைகள் இப்படி ஏதும் கேட்பதில்லை. தெபியன் குழுவினர் கட்டற்ற கொள்கையில் உறுதியாய் நின்று, மூடிய நிலைப்பொருளைத் தம் நிறுவல் வட்டில் சேர்க்காமல் இருந்தனர். அதனால் புதிதாய் நிறுவுவோர் பலர்க்கு முதல்நாளே அருகலை கிடைக்கவில்லை. 2022ஆம் ஆண்டு இதுபற்றித் தம்முள் வாக்கெடுத்து, நிறுவல் வட்டில் நிலைப்பொருளைச் சேர்க்க இசைந்தனர். 2023 சூன் 10ஆம் நாள் வெளிவந்த 12ஆம் பதிப்பிலிருந்து அது சேர்ந்தே வருகிறது. பழைய பதிப்புகளை வைத்திருப்போர் இதை நினைவிற் கொள்ளவேண்டும்.

ஐந்தாம்படி: திசைவியோடு உறவு. அட்டை உயிரோடு இருக்கிறது. அருகிலுள்ள பிணையங்களின் பெயர்ப் பட்டியல் வருகிறது. நமக்கு வேண்டியது மட்டும் இல்லை. 2.4 கிகாஎர்ட்சு அலைவரிசையில் இந்தியாவில் 13 தடங்கள் வரை பயன்படுத்தலாம். அமெரிக்காவிலோ 11 வரைதான் வழக்கம். கணினியின் நாட்டமைப்பு அமெரிக்கா என்றிருந்தால், 12, 13ஆம் தடங்களில் பரப்பும் திசைவி அதன் கண்ணுக்கே தெரியாது. நாட்டமைப்பை இந்தியா என்று மாற்றவேண்டும். அன்றேல் திசைவியை 1, 6, 11 என்னும் தடங்களுள் ஒன்றுக்கு மாற்றவேண்டும். திசைவி 5 கிகாஎர்ட்சில் மட்டும் பரப்பினால் பழைய அட்டைகள் பல அதைக் காணமாட்டா. அந்த அலை விரைவு மிக்கது. ஆனால் சுவரைக் கடந்து நெடுந்தொலைவு செல்லாது. கடவுச்சொல்லை இரண்டு மூன்று முறை கேட்டுக்கொண்டே இருந்தால், பழைய கடவுச்சொல் உள்ளே பதிந்திருக்கக்கூடும். அந்த இணைப்பை அழித்துப் புதிதாய்ச் சேர்ப்பதே நேர்வழி. இணைந்து இணைந்து அறுந்தால், மின்சேமிப்பு அமைப்பை நிறுத்திப் பார்க்கவேண்டும். மின்கலத்தைக் காக்க அட்டை அடிக்கடி உறங்கிவிடுவது அதற்குக் கரணியமாகலாம்.

ஆறாம்படி: முகவரியும் பெயரும். இணைந்துவிட்டது என்று திரை சொல்கிறது. பக்கம் மட்டும் திறக்கவில்லை. கணினிக்குக் கிடைத்த முகவரி எண்ணைப் பார்க்கவேண்டும். அது 169.254 என்று தொடங்கினால், திசைவி முகவரி தரவில்லை. கணினி தானே ஒன்றை இட்டுக்கொண்டது. திசைவியை அணைத்து மீண்டும் இயக்குக. முகவரி முறையாய் இருந்தால், 'பிங்' கட்டளையால் முதலில் திசைவியையும் பிறகு வெளியேயுள்ள 8.8.8.8 என்னும் எண்ணையும் அழைக்கவேண்டும். திசைவி விடை தந்து வெளி எண் விடை தராவிட்டால், அடைப்பு வெளியே. வெளி எண் விடை தந்தும் தளங்கள் பெயரால் திறக்கவில்லையானால், பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எசு. என்னும் பதிவேட்டில் பிழை. அந்த அமைப்பை மாற்றினால் போதும்.

இவற்றோடு ஓர் எச்சரிக்கை. நெடுநாள் பெட்டியில் கிடந்த மடிக்கணினியில் உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்து, கடிகாரம் பல ஆண்டு பின்னே போயிருக்கும். அப்பொழுது பிணையம் சரியாக இருந்தும், காப்புள்ள தளங்கள் திறக்க மறுக்கும். அவற்றின் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை என்று கணினி எண்ணும். நாளையும் நேரத்தையும் திருத்தியவுடன் எல்லாம் திறக்கும். பழுது அருகலையில் இல்லை, நாட்காட்டியில் இருந்தது.

மலையின் தனிச்சிக்கல்

இவ்வாறு படிகள் தமிழில் நின்றால், எங்கும் யாரும் நடக்கலாம். ஆயினும் இம்மலைக்கு என்று இரண்டு சொல்லவேண்டும்.

ஒன்று, அலை இரண்டு என்பது. கோபுரத்திலிருந்து செல்பேசிக்கு வரும் அலை வேறு. செல்பேசி பகிரலையாகக் கணினிக்குத் தரும் அலை வேறு. பகிரலை அருகில் இருப்பதால் கணினியில் கோடுகள் நிறைந்து நிற்கும். செல்பேசியிலோ, குன்று மறைத்து, ஒரு கோடும் நில்லாமல் இருக்கும். 'கோடு நிறைந்திருக்கிறது, பக்கம் திறக்கவில்லை, லினக்சு கெட்டது' என்று முடிவு கட்டுவது தவறு. வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் சேராப்பட்டிலும் ஒரே வீட்டில் திண்ணைக்கும் உள்ளறைக்கும் அலை வேறுபடலாம். செல்பேசியை அலை கிடைக்கும் இடத்தில் வைத்துவிட்டுக் கணினியை அதன் அருகே கொண்டுபோக வேண்டும்.

மற்றொன்று, மருந்தே நோய்க்கு அப்பால் இருப்பது. நிலைப்பொருள் இல்லாமையால் பிணையம் இல்லை. நிலைப்பொருளைப் பெறவோ பிணையம் வேண்டும். ஆற்றைக் கடக்க ஓடம் அக்கரையில் இருப்பது போன்ற நிலை. இதற்கும் வழி உண்டு. செல்பேசியை யூ.எசு.பி. கம்பியால் கணினியோடு இணைத்து, செல்பேசி அமைப்பில் கம்பிவழிப் பகிர்வை இயக்கினால், கணினி அதைக் கம்பிப் பிணையமாகவே ஏற்றுக்கொள்ளும். அருகலை அட்டை தேவையில்லை. மின்னேற்றும் கம்பி ஒன்று எல்லார் வீட்டிலும் உண்டு. ஆனால் மின்னேற்ற மட்டும் உதவும் கம்பிகளும் உண்டு, அவை செய்தியைக் கடத்தமாட்டா. வேறு கம்பியை மாற்றிப் பார்க்கவேண்டும். அதுவும் இயலாவிட்டால், அட்டையின் அடையாள எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குச் சென்று, பிணையமுள்ள இடத்தில் உரிய கோப்பை விரலியில் ஏற்றி வரலாம். எண்ணை எழுதாமல் மலையிறங்கினால் இரண்டாம் முறையும் இறங்க நேரும்.

மொழிக்கு என்ன செய்வது?

இனி, தொடங்கிய வினாவுக்கு வருவோம். கணினியின் பிழைவரிகள் அனைத்தையும் தமிழாக்கிவிட்டால் சிக்கல் தீருமா? ஆர்வலர் பலர் ஆம் என்பர். ஆனால் இதில் ஓர் இடர் உண்டு. கருனி எழுதும் ஒரு பிழைவரியை அப்படியே எடுத்துத் தேடினால், உலகின் மூலைமுடுக்கிலெல்லாம் அதே பழுதைக் கண்டவர்கள் எழுதிய தீர்வுகள் கிடைக்கின்றன. அந்த வரி ஒரு சொற்றொடர் மட்டுமன்று. ஓர் அடையாளக் குறியும் ஆகும். அதைத் தமிழாக்கி மூலத்தை மறைத்துவிட்டால், தமிழ் மாணவன் அந்தப் பெருங்களஞ்சியத்தின் திறவுகோலை இழப்பான். தமிழ்ப்பற்று அவனைத் தனிமைப்படுத்தும் கருவியாகிவிடக்கூடாது.

ஆகவே செய்யத்தக்கது வேறு. மூலவரியை வேரோடு அப்படியே வைத்து, அதன் அருகே தமிழில் மூன்று செய்திகள் எழுதவேண்டும்: இது சொல்வது என்ன, இதற்கு வேர் எது, செய்யவேண்டியது என்ன. நம் முன்னோர்க்கு இது புதிய தொழிலன்று. மூலத்தை மாற்றாமல் வைத்து, பதவுரையும் விளக்கவுரையும் எழுதியவர்கள் நம் உரையாசிரியர்கள். இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் செய்த வேலைமுறை கணினிக்கும் பொருந்தும். பிழைவரிக்கு உரை எழுதுவோன் இக்காலத்து உரையாசிரியன்.

அந்த வேலை தொடங்காமலும் இல்லை. கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளைத் தமிழில் வெளியிடும் 'கணியம்' மின்னிதழ் 2012 சனவரி முதல் வருகிறது. விழுப்புரத்தில் குனு/லினக்சுப் பயனர் குழு ஒன்று ஊர்ப்புற மாணவர்க்குப் பயிற்சி அளித்து வருகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019இல் பிரியும் வரை நாமெல்லாம் அந்த விழுப்புரம் மாவட்டத்தாரே. அண்டைக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடம் கட்டற்ற மென்பொருளில் நடக்கிறது. ஆசிரியர்க்கே பழுதுநீக்கும் பயிற்சி தரப்படுகிறது. மலையாளத்தில் பாடநூல் உண்டு. மலையாளத்துக்கு இயன்றது தமிழுக்கு இயலாதா? தமிழ்நாட்டின் 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் 20 இலக்கம் பேர்க்கு இரண்டாண்டுகளில் கணினிக் கருவி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பெற்றது. கருவி கைக்கு வரும்போது அதன் பழுதுநூலும் கையோடு தமிழில் இருக்கவேண்டாமா?

ஆசிரியப் பெருமக்களே! இம்மலையின் அரசு பழங்குடியினர் உண்டி உறைவிடப் பள்ளிகளிலும் பிற பள்ளிகளிலும் ஒவ்வொன்றிலும் ஒரு 'பழுதேடு' தொடங்குங்கள். விலையுயர்ந்த பொருள் ஒன்றும் வேண்டா; நூறு பக்கக் குறிப்பேடு போதும். எந்தக் கணினி, எந்த அட்டை, அடையாள எண் என்ன, பிழைவரி என்ன, எந்தப் படியில் அடைப்பு இருந்தது, எது தீர்த்தது என்று ஆறு கட்டம் இட்டு, பழுது நீக்கிய மாணவனே தன் கையால் தமிழில் எழுதட்டும். தீராத பழுதையும் எழுதட்டும். அடுத்த ஆண்டு வருபவன் தீர்ப்பான். சொல் கிடைக்காத இடத்தில் வழங்கும் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதட்டும். நல்ல சொல் பின்னர் வரும். சொல்லுக்காக வேலை நிற்கக்கூடாது. வேலை நடக்குமிடத்தில்தான் சொல் பிறக்கும். கொழுவுக்கும் மேழிக்கும் பெயர் வைத்தவர்கள் புலவர்கள் அல்லர், உழுதவர்கள்.

மாணவச் செல்வங்களே! கணினி ஆங்கிலத்தில் முனகும்போது அஞ்சாதீர்கள். அது திட்டவில்லை, எங்கே வலிக்கிறது என்று சொல்கிறது. அந்த ஒரு வரியைப் பொறுமையாய்ப் படித்து, பொருளைக் கேட்டறிந்து, தமிழில் எழுதி வைப்பவன் தனக்கும் தன் பின்னே வருவோர்க்கும் வழி திறக்கிறான். கரியாலூரில் ஒரு மாணவி எழுதி வைத்த நான்கு வரி, நாளை யாழ்ப்பாணத்திலும் மலேசியாவிலும் உள்ள ஒரு தமிழ்ப் பிள்ளையின் கணினியை இயக்கலாம். முதல் ஏடு இங்கே தொடங்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் அறிவு!